நிலம் கேட்கவில்லை தாதா, ஜாமீன்தான்

“நம்பர் எல்லாமே மாறிப்போச்சு தீதி, தலை சுத்துது” என்று அந்த இளம் வக்கீல் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. என்னோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.

ஷாதிபூரில் என் வீட்டுக்கு அவளும் அவளுடைய இரண்டு தோழிகளும் வந்திருந்தார்கள். மூவரும் கோர்ட்டில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், இங்கே எல்லோரையும் போல என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார்கள். ஜாமீனில் விட வேண்டிய சாதாரணக் குற்றத்துக்கு முன்பு பிரிவு நானூற்று முப்பத்தாறு என்று எழுதுவோம். புதிய சட்டத்தில் அது நானூற்று எழுபத்தெட்டு. இப்படி ஒவ்வொன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஊரின் பெயரையே மாற்றியாகிவிட்டது, நான் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்பருக்கு மட்டும் என்ன வந்தது?

“எந்தக் குடும்பமும் என்கிட்ட நம்பர் கேட்டதில்லைம்மா” என்றேன். “மூணே கேள்விதான். எங்க வச்சிருக்காங்க, அடிப்பாங்களா, எப்ப வீட்டுக்கு வருவாங்க. இதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சா போதும்.”

அதை எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார்கள். முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவளுக்கு மனு எழுதத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் வாப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்து அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்தவர். நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா இருந்தேன். வக்கீல் அப்பலராஜு சாருக்குத் தமிழ்க்காரர்களிடம் தமிழிலும் மற்றவர்களிடம் ஹிந்தியிலும் பேச ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தேன். கேஸ் கட்டு தைக்கவும், ஸ்டாம்பு ஒட்டவும், எந்தக் கோர்ட் அலமாரி எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சாரிடம் கற்றதுதான் வேலை.

அப்பலராஜு சார் ஒல்லியாக, உயரமாக இருப்பார். தெலுங்குக்காரர், ஆனால் இங்கேயே பிறந்தவர். ஆபீசில் சிரிக்கவே மாட்டார். சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு கையில் இருக்கும் கேஸ் கட்டைப் புரட்டுவார். அவர் வாயிலிருந்து “கவலைப்படாதீங்க” என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. “கவலைப்பட வேண்டிய விஷயத்துக்குத்தானே வந்திருக்காங்க. அதை ஏன் வேண்டாங்கணும்?” என்பார்.

யாரையாவது போலீஸ் பிடித்துவிட்டது என்று ஒரு குடும்பம் வந்தால், மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைக்க மாட்டார். தன் பக்கத்திலேயே நாற்காலி போடுவார். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு நான்கு கட்டம் வரைவார். ஸ்டேஷன், கோர்ட், ஜெயில், வீடு. மேஜை மேலிருக்கும் ரப்பரை எடுத்து, “இது உங்க ஆள்” என்று ஸ்டேஷன் கட்டத்தில் வைப்பார். “இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள போலீஸ் இதை இங்க கொண்டுவரணும்” என்று கோர்ட்டுக்கு நகர்த்துவார். “இங்கேருந்து ரெண்டு வழி. ஜாமீன் கிடைச்சு, பொறுப்பேத்துக்க ஒரு ஆளும் கையெழுத்துப் போட்டா வீடு. இல்லைன்னா ஜெயில்.” ரப்பர் வீட்டுக்குப் போனதும் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அப்போதுதான் அவர் வீட்டிலிருந்து கோர்ட்டுக்குத் திரும்ப ஒரு கோடு இழுப்பார். “கேஸ் முடியலை. வாய்தா வாய்தாவுக்கு ரப்பர் இங்க வரணும். வராட்டி கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்குவார்.”

அத்தோடு விட மாட்டார். ரப்பரை அவர்கள் கையில் கொடுத்து, “அப் ஆப் பதாவ். இப்ப நீங்க சொல்லுங்க” என்பார். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர்களே ரப்பரை நகர்த்தி, வாயால் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வேலைக்குப் போக மாட்டார். வெளியே இரண்டு ஜட்ஜுகள் காத்திருந்தாலும் சரி.

அதன் அருமை எனக்குப் பாராடாங் தீவிலிருந்து வந்த ஒருவரால்தான் முதலில் புரிந்தது. காலை முதல் படகைப் பிடித்து, வண்டி வரிசையில் காத்திருந்து, மத்தியானம் வந்து சேர்ந்தார். கையில் பாய், தலையணை, இரண்டு லுங்கி, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“தம்பியை ஜாமீன்ல எடுக்க வந்திருக்கேன்” என்றார்.

“பாய் எதுக்குண்ணே?”

“நான் உள்ள படுக்கணும்ல? அவனுக்குப் பதிலா ஆள் இருந்தா விட்டுடுவாங்கன்னாங்க. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா தீதி. நான் ஒண்டிக்கட்டை, எவ்வளவு நாள் வேணும்னாலும் இருப்பேன்.”

சார் கட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தம்பி மேல் போட்டிருந்தது ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுக்க வேண்டிய சின்ன வழக்கு. அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டார், அன்று மாலைக்குள் இரண்டு பேருமாகப் பாயைச் சுருட்டியபடியே ஊர் திரும்பினார்கள். படியிறங்கும்போது தம்பி, “தலையணை வேறயா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போனது இன்னும் காதில் இருக்கிறது.

இனி அந்தச் சுர்மை மீன் கேஸ். அதில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கால்சட்டையில் மண்ணோடு ஒருவர் ஆபீஸ் வாசலில் நின்றார். பெயர் சண்முகம். சிப்பிகாட்டில் அரசுப் பண்ணையில் தினக்கூலி. அவர் மனைவி பேச்சியம்மாள் மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்பவள். அவளுடைய குரல் மார்க்கெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். சண்முகத்தின் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்கவில்லை.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றேன்.

“பேச்சியைப் பிடிச்சுட்டாங்க தீதி.”

ஞாயிற்றுக்கிழமை அவர்களின் ஒரே மகள் அனிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி லாட்ஜில் தங்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கப்பலில் திரும்ப டிக்கெட். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேதியைத் தள்ளிவைக்கிற பேச்சே இல்லை.

மார்க்கெட்டில் ஒரு ஏஜென்ட், தன் அக்கா மகனுக்கு அனிதாவைக் கேட்டுக் கிடைக்காதவர். அன்று காலை எல்லோர் முன்னாலும், “இந்தக் கல்யாணம் ஆறு மாசம் தாங்காது” என்று சொல்லிவிட்டார். பேச்சியம்மாள் அப்போதுதான் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு சுர்மை மீனை, நம் ஊரில் வஞ்சிரம் என்பார்களே, அதை எடுத்துக் கையில் பிடித்திருந்தாள். கல் மாதிரி உறைந்த மீன். ஒரே வீச்சு. ஏஜென்டின் முன்பல் இரண்டும் போய்விட்டது.

போலீஸ் போட்ட பிரிவு, ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம். ஆயுள் தண்டனை வரை போகக்கூடியது. இதை யாரோ சண்முகத்திடம் சொல்லியிருந்தார்கள்.

“ஆயுள்ங்கிறாங்களே தீதி” என்றார் மெதுவாக. “ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு குடுப்பாங்களா?”

சார் பக்கத்தில் நாற்காலி போட்டு, கட்டம் வரைந்து, ரப்பரை வைத்தார். பெரிய பிரிவாக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பெண் என்றால் மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பதைப் பொறுமையாகச் சொன்னார். “நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குக் கொண்டுவருவாங்க. அங்கேயே பொறுப்பேத்துக்க ஆள் தயாரா இருந்தா, அங்கேருந்தே வீடு. ஆள் இல்லைன்னா ஜெயில். அப்புறம் திங்கக்கிழமைதான்.” அதற்குள் வேறொரு கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எழுந்துகொண்டே, “ஜுலைகா, ஜாமீன்தார் விஷயத்தை நீ சொல்லு. திருப்பிச் சொல்ல வை” என்று போய்விட்டார்.

எனக்கு மனு டைப் செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அவசரத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். “ஜாமீனுக்கு உள்ளூர் ஆள் ஒருத்தர் வேணும். சொந்த நிலம் உள்ளவரா இருக்கணும். நிலப் பத்திரத்தோட காலைல ஒன்பது மணிக்குக் கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்க. யாராவது இருக்காங்களா?” பக்கத்து வீட்டு நிதாய் தாதா, அதாவது நிதாய் அண்ணன், இருக்கிறார், வங்காளி, சொந்த வயல் உண்டு என்றார் சண்முகம். “அவரையே கேளுங்க. புரிஞ்சுதா?” தலையாட்டினார். நான் கிளம்பிவிட்டேன். திருப்பிச் சொல்ல வைக்கவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில் பேச்சியம்மாள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்துப் போனேன்.

“ஏம்மா, அந்த மீனை எங்க வச்சிருக்காங்க? அது ஒரு டீச்சரம்மா சொல்லிவச்சிருந்த மீனு. பாவம், சாயங்காலம் வந்து தேடுவாங்க.”

“அது இப்ப ஆயுதம்மா. போலீஸ்காரங்க கைப்பத்திட்டாங்க.”

“ஆயுதமா? கொழம்பு வைக்கிற மீனா?” என்று அவள் போட்ட சத்தத்தில் ரைட்டரின் பேனா நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது. “அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வீட்ல கடுகு எங்கருக்குன்னுகூடத் தெரியாது. எப்படி எல்லாம் செய்வாரு?”

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சண்முகம் வந்தார். கூட அனிதா, முழங்கை வரை மருதாணி. எதிலும் பட்டுவிடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டே வந்தாள். வேறு யாரும் இல்லை.

“தாதா எங்கே?”

“வரலை தீதி. கேட்டதுமே மூஞ்சி மாறிடுச்சு. கதவைச் சாத்திட்டார்.”

“என்னன்னு கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க.”

சண்முகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் ஹிந்தியில், நேற்றுச் சொன்னதை அப்படியே சொன்னார். “தாதா, ஆப்கா ஜமீன் சாஹியே. கல் சுபே நௌ பஜே. காகஜ் லேகே கோர்ட் ஆவ்.”

நம் தமிழ் ஜாமீன் அவர் வாயில் ஜமீன் ஆகியிருந்தது. ஹிந்தியில் ஜமீன் என்றால் நிலம். பிணைக்கு அவர்கள் சொல்வது ஜமானத். இந்த மனிதர் முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், “உங்க நிலம் எனக்கு வேணும். நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்குப் பத்திரத்தோடு கோர்ட்டுக்கு வாங்க” என்று கட்டளை போட்டுவிட்டு வந்திருக்கிறார். போன் போடலாமென்றால் சிப்பிகாட்டில் சிக்னல் இல்லை. ஆள் அனுப்பித் திரும்ப நேரம் இல்லை. பத்தரைக்கு மாஜிஸ்திரேட் வந்துவிடுவார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் ரப்பரை அவர் கையில் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. சார் என்னைப் பார்த்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அப்போது கோர்ட் வாசலில் கூச்சல் கேட்டது.

வெள்ளை வேட்டி, குடை, மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கவர். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் ஒரு பெரியவர் ஹிந்தியும் வங்காளியும் கலந்து கத்திக்கொண்டிருந்தார். அரசாங்கம் தன் அப்பாவுக்குக் கொடுத்த நிலமாம். இருபது வருடம் பக்கத்தில் குடியிருந்தவன், சாது மாதிரி இருந்தவன், ஒரே நாளில் அதைக் கேட்கிறானாம். கோர்ட்டுக்கும் இதில் பங்கு உண்டாம். ஜட்ஜையே பார்த்து நியாயம் கேட்காமல் போக மாட்டாராம். இதோ பத்திரம், இதோ பட்டா, இதோ தீவுக்காரன் என்பதற்கான ஐலேண்டர் கார்டு!

ஜாமீன்தாருக்கு என்னென்ன வேண்டுமோ, ஒன்றுகூட விடாமல் அவர் மார்போடு அணைத்து எடுத்து வந்திருந்தார்.

நான் ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. “தாதா! ஜமீன் நஹி! ஜமானத்! ஜமானத்!” அவர் கத்துவதை நிறுத்தவே நாலு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு நொடி அப்படியே நின்றார். தூரத்தில் தூணோடு தூணாக ஒட்டி நின்ற சண்முகத்தைப் பார்த்தார். குடையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, உட்கார இடம் தேடி, படியில் உட்கார்ந்து சிரித்தார். போலீஸ்காரரும் சிரித்தார். நான் சிரித்தது பயத்திலா சந்தோஷத்திலா தெரியவில்லை.

ஆனால் இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். “நிலத்தை யாரும் எடுக்க மாட்டாங்க தாதா. ஆனா அந்தம்மா வாய்தாவுக்கு வராம போயிட்டா, கோர்ட் உங்களைத்தான் கூப்பிடும். இதைச் சொல்லாம உங்ககிட்ட கையெழுத்து வாங்க மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க” என்று ஹிந்தியில் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. பிளாஸ்டிக் கவரைத் தடவிக்கொண்டே யோசித்தார். அனிதா தூக்கிய கையோடு வந்து அவர் முன்னால் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உதடு நடுங்கியது. “காக்கு, அம்மா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்” என்று ஹிந்தியில் சொன்னாள். அவர் வீட்டு முற்றத்தில் நடை பழகிய பெண், அவரைச் சித்தப்பா முறை வைத்துக் காக்கு என்பவள்.

“அழாதே, அழாதே, கண்ணைத் துடைச்சா மெஹந்தி கலைஞ்சிடும்” என்று பதறி எழுந்தார். என்னைப் பார்த்து விரலை நீட்டினார். “அவ வந்தா எனக்கு வேலை இல்லை. அவ ஓடினா தலைவலி எனக்கு. சரியா?”

சரி. யாரும் கேட்காமலே திருப்பிச் சொல்லிவிட்டார்.

மாஜிஸ்திரேட் கல்கத்தாவிலிருந்து புதிதாக வந்த பெண். அரசு வக்கீல் எழுந்து, ஆயுதம் மிக ஆபத்தானது, ஜாமீன் கூடாது என்றார். “ஆயுதம் எங்கே?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் நெளிந்தார். “மேடம், நேற்றுச் சாயங்காலமே வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. போட்டோ எடுத்துவிட்டுப் புதைத்துவிட்டோம்.”

“புதைச்சாங்களா, பொரிச்சாங்களா?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு தமிழ்க் குரல். பாதி கோர்ட்டுக்குப் புரிந்தது. மீதிக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது.

சார் எழுந்தார். ஆயுதம் என்று செய்யப்படாத ஒன்று, சந்தையில் எல்லோரும் வாங்கிப் போவது, கோபத்தில் கையில் இருந்தது என்றார். கட்சிக்காரர் பெண், நிரந்தரமாக இங்கேயே குடியிருப்பவர், மறுநாள் மகளுக்குக் கல்யாணம் என்றார். காயம் உண்மையானது, அதை மறுக்கவில்லை என்பதையும் சொன்னார். அதையும் சொல்கிறவர் அவர்.

மாஜிஸ்திரேட் கூண்டைப் பார்த்தார். “ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாரா?” என்று பொதுவாகக் கேட்டார்.

சண்முகம் எழுந்து நின்றுவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. “கூட்டிட்டு வருவேன் ஐயா... அம்மா” என்றார். கோர்ட் முழுவதும் கேட்டது. “கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து அவதான் என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போயிருக்கா. இனிமே நான் கூட்டிட்டு வருவேன்.” நான் எழுந்து அதை ஹிந்தியில் சொன்னேன். கூண்டில் பேச்சியம்மாள் வாய் பிளந்து நின்றாள். அந்தக் குரலை அவளும் அன்றுதான் முதன்முதலில் கேட்கிறாள் போலிருந்தது.

ஜாமீன் கிடைத்தது. மாஜிஸ்திரேட் நிதாய் தாதாவிடம் வங்காளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், குற்றம் சாட்டப்பட்டவரை எப்படித் தெரியும் என்று. தன் மொழியைக் கேட்டதும் தாதாவுக்குக் குஷி தாங்கவில்லை. நிலம், கதவு, குடை, பத்திரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் மாஜிஸ்திரேட் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

கையெழுத்துகள் முடிந்து பேச்சியம்மாள் வராந்தாவுக்கு வந்ததும், அனிதா அதுவரை காப்பாற்றிய இரண்டு கையாலும் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டாள். மஞ்சள் சேலையின் முதுகில் பத்து விரலும் அச்சாக விழுந்தது. “கெடுத்தியாடி கையை!” என்று பேச்சியம்மாள் போட்ட சத்தம் படகுத்துறை வரை கேட்டிருக்கும். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். பேச்சியம்மாள் அதே சேலையில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள், முதுகில் கை அடையாளத்தோடு. “அதிர்ஷ்டம்மா இது, தொவைக்க மாட்டேன்” என்றாள். சண்முகம் என்னிடம் வந்து ரகசியம்போல, “கடுகு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன் தீதி” என்றார்.

வழக்கு மூன்று வருடம் ஓடியது. மீன் ஆபத்தான ஆயுதம் இல்லை என்று பிரிவு குறைந்தது. ஏஜென்ட் புதுப்பல் கட்டிக்கொண்டார், முன்பைவிட அழகாகவே இருந்தார். பேச்சியம்மாள் அவரிடம் நேரில் போய், “வாயால சொன்னதுக்குக் கையால அடிச்சது தப்புதான்” என்று சொன்னாள். அவரும் சமரசத்துக்குச் சம்மதித்தார். ஒரு வாய்தாகூட அவள் தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் சண்முகம்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களோடு நிதாய் தாதாவும் குடையோடு வந்துவிடுவார். நீங்கள் வர வேண்டியதில்லை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். “நான் பொறுப்பாளி” என்பார் மிடுக்காக. மூவரும் வெளியே டீக்கடையில் சமோசா சாப்பிட்டுவிட்டு, சண்டை போட்டுக்கொண்டே ஊர் திரும்புவார்கள்.

கடைசி நாள் கோர்ட் சமரசத்தை ஏற்று வழக்கை முடித்தது. வராந்தாவில் தாதா என்னிடம் வந்து, “அடுத்த வாய்தா எப்போ?” என்றார்.

“இனிமே இல்லை தாதா. முடிஞ்சுது. உங்க பொறுப்பும் முடிஞ்சுது.”

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. குடையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் ஒருவர் இவ்வளவு வாடிப்போய் நான் பார்த்ததில்லை.

பேச்சியம்மாள் அதைக் கவனித்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஹிந்தியில் கேட்டாள்.

“என்ன தாதா, வேற ஒருத்தனை அடிக்கட்டுமா?”

அன்றுதான் அப்பலராஜு சார் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். கையில் புரட்டுவதற்குக் கட்டு எதுவும் இல்லாமல் போய்விட்டது அவருக்கு.